தட்டு சுழலாத தவக்காலம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பல் இன்னும் அழியவில்லை. அழிவதற்குள் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே "அப்படியா சொன்னேன்?" என்று என்னையே நான் ஏமாற்றிவிடுவேன். ஆளை எனக்குத் தெரியும்.

நேர்ந்துகொண்டது இதுதான். மகள் ஷெரிலுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை டர்ன்டேபிளைத் தொடமாட்டேன். ராக் இசை கேட்கமாட்டேன். செல்போனிலும் கிடையாது, காரிலும் கிடையாது. பனிமய மாதா கோயிலில் மாதா முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். இனிப் பின்வாங்க முடியாது.

மற்றவர்கள் தவக்காலத்துக்குக் கறியை விடுவார்கள், சிகரெட்டை விடுவார்கள். கறி எனக்குப் பெரிதில்லை, சிகரெட் பழக்கமும் இல்லை. நேர்ச்சை என்றால் உயிரான ஒன்றைக் கொடுக்க வேண்டாமா? என்னிடம் அப்படி இருப்பது ஹால் அலமாரியில் நிற்கும் எல்.பி. இசைத்தட்டுகள்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். என்னோடு வேலை பார்த்தவர்கள் வருகிற கப்பல் மாலுமிகளிடம் சென்ட் பாட்டில் கேட்டார்கள். பேசில் கொரேராவாகிய நான் மட்டும் "பழைய தட்டு ஏதும் உண்டா?" என்று கேட்டேன். பைத்தியம், கோட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன், தட்டும் வாங்கினேன்.

ஷெரில் ஏற்கெனவே இரண்டு இழந்தவள். முதலாவது நான்காம் மாதம். அடுத்தது ஆறாம் மாதம். இது மூன்றாவது, இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா அனுப்பியிருக்கிறார். மருமகன் டெரன்ஸ் கப்பலில் இருக்கிறார், ஜூனுக்கு முன்னால் கரையிறங்க முடியாது. ஹாலை ஒட்டிய அறையில் அவளைப் படுக்க வைத்திருக்கிறோம்.

நோன்பு இருக்கிறவன் அதைத் தண்டோரா போடக்கூடாது என்று சாமியார் இன்று பிரசங்கத்தில் சொன்னார். நியாயம்தான். மனைவி ஜெசிந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 24, வெள்ளி

"என்ன, ஆளையே காணும்?" என்றாள் ஜெசிந்தா. நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். பாட்டுச் சத்தம் இல்லாததைத்தான் அப்படிக் கேட்கிறாள். "ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்" என்றேன். தவக்காலம் தொடங்கவும் பொய் தொடங்கவும் சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 27, திங்கள்

சனியன், பாட்டு மண்டைக்குள் தானாக ஓடுகிறது.

மீன் வாங்கப் போகும்போது ஹாலோ மெரிடியன் குழுவின் "தி டிரவுண்ட் மில்" ஆரம்பித்துவிட்டது. தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆற்றை மறித்து அணை கட்டிய மாவுமில் முதலாளி ஒருவன், அந்தத் தண்ணீரிலேயே தன் மில்லையும் ஊரையும் முக்கிவிடுகிற கதை. ஜெசிந்தா சொல்லுவாள், "இந்தப் பாட்டு முடியுததுக்குள்ள நான் நண்டு உடைச்சுக் குழம்பு வச்சு இறக்கிருவேன்" என்று. உண்மைதான், ஒருமுறை இறக்கியும் காட்டினாள்.

அதில் ஆர்கன் வருகிற இடம் ஏழு அட்சரத் தாளம், நம் மிஸ்ர சாபு கணக்குத்தான். நடந்துகொண்டே அதைக் கேட்டால் ஒரு சுற்று வலது காலில் தொடங்கும், அடுத்த சுற்று இடது காலில் தொடங்கும். கால் தடுமாறி ஒரு ஐஸ் பெட்டியில் போய் முட்டிக்கொண்டேன். "அண்ணாச்சி, கண்ணு எங்கன இருக்கு?" என்று மீன்காரம்மா ஏசினாள். கண் சரியாகத்தான் இருந்தது, காதுதான் வேறு ஊரில் இருந்தது.

மனதுக்குள் ஓடினால் நேர்ச்சை முறியுமா? தொடமாட்டேன், கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். நினைக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. சரக்குப் பத்திரங்களை வரி வரியாகப் படித்தே காலம் கழித்தவனுக்கு இந்த ஓட்டை கண்ணில் படாமல் போகுமா?

மார்ச் 2, வியாழன்

ஜெசிந்தா எனக்குத் தெரியாமல் ரேடியோ மெக்கானிக் சுடலைமணிக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் ஷெரிலுக்கு ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஆள் பையோடு வந்து நிற்கிறான். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, ஊதி, தட்டி, மூடினான்.

"அண்ணாச்சி, இதுல ஒரு மண்ணுமில்லையே. நல்லாத்தானே இருக்கு?"

கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன். "ஏல, மெட்ராஸ்ல இருந்து சாமான் வரணும்னு சொல்லிட்டுப் போ."

"எதுக்குப் பொய் சொல்லணும்?"

"சொல்லுதேன்ல, போ."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். உள்ளே எட்டி, "சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும்க்கா!" என்று கத்திவிட்டுப் போனான். நல்ல பையன். நடிக்கத்தான் தெரியவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

இன்றைக்கு மண்டைக்குள் போட்டது டின் பிஷப் குழுவின் இரண்டாவது தட்டு. அட்டையில் மேயரின் சங்கிலி மாட்டிய கழுதை ஒன்று நிற்கும். எங்கள் வீட்டில் அதற்குக் கழுதைத் தட்டு என்றே பெயர். ஹாலோ மெரிடியன்காரர்கள் படித்த பிள்ளைகள், கணக்குப் போட்டு வாசிப்பார்கள். டின் பிஷப் தெருச்சண்டைக்காரர்கள். மூன்று சுரத்தை வைத்துக்கொண்டு வீட்டையே இடிப்பார்கள். எது உசத்தி என்று கேட்டால் காலையில் ஒன்று சொல்வேன், சாயங்காலம் வேறு சொல்வேன்.

ஒரு சங்கதி கண்டுபிடித்தேன். கழுதைத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு எனக்கு நினைவே வரவில்லை. இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு என்று ஊசியைத் தூக்கித் தாண்டிவிடுவது என் வழக்கம். இப்போது இரண்டாவது முடிந்ததும் நாலாவது வருகிறது, நடுவில் பல் விழுந்த ஓட்டை மாதிரி இருக்கிறது. அந்தப் பாட்டின் மேல் இப்போது வந்திருக்கும் பாசத்தைச் சொல்லி முடியாது.

இன்னொன்று. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டேன். ஜெசிந்தா பார்த்தாள், எடுத்துக் கொடியில் போட்டாள், போய்விட்டாள். ஒரு வார்த்தை ஏசவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

ஷெரிலுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. இவ்வளவு தூரம் இதற்கு முன் வந்ததே இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது, பேனாவை மூடுகிறேன்.

மார்ச் 16, வியாழன்

ஷெரிலுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எப்பா, ஆம்ப்ளிஃபயர் சாமான் இன்னுமா வரல?"

"வந்துரும் மக்கா. பழைய மாடல்லா, தேடணும்லா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலையணை உயரம் சரியில்லையோ என்னவோ. மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் திரும்பவில்லை.

மார்ச் 23, வியாழன்

ஜெசிந்தாவுக்கு உடம்பு சரியில்லையோ? கேஸ் அடுப்பை அணைக்க மறந்து பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, என் தப்புத்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதற்குக் குறைந்தது அரை மணி நேர ஏச்சு உண்டு. என் ஆபீஸ், என் அம்மா வழி, என் தட்டுகள் எல்லாம் வரிசையாக வரும். இன்றைக்கு வாயைத் திறந்தாள், உதட்டைக் கடித்தாள், துணியை எடுத்துத் துடைத்தாள். "கை சுட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். "பிரஷர் பாத்துக்கிடுதியா ட்டி?" என்றேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

சரி, சவத்தைத் தள்ளு. க்ரே ஹெரான் தட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். சத்தமே போடாத குழு. புல்லாங்குழல், பன்னிரண்டு கம்பிக் கிடார், பின்னால் மழை மாதிரி ஒரு பிரஷ் ட்ரம். பாடுகிறவன் மூச்சு வாங்குவதுகூடத் தட்டில் கேட்கும். அந்த மூச்சை மட்டும் கவனித்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவன் எங்கே பயந்து பாடுகிறான், எங்கே தைரியமாகப் பாடுகிறான் என்று தெரிந்துவிடும். இவனுடைய மூச்சு மட்டும் எனக்கு நினைவில் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 1, சனி

செக்கப். குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் ஷெரிலுக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. "எதையோ நெனச்சு பயப்படுறாங்க. இது இப்படியே ஏறினா குழந்தைய முன்னாடியே வெளிய எடுக்க வேண்டி வரும். அது இந்த மாசத்துல நல்லதில்ல. வீட்ட அமைதியா வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

வந்ததும் நானும் ஜெசிந்தாவும் சேர்ந்து வீட்டை இன்னும் அமைதியாக்கினோம். சுவர்க் கடிகாரத்தின் மணியை நிறுத்தினேன். அழைப்பு மணிக்குக் கம்பியைக் கழற்றினேன். ஜெசிந்தா மிக்சியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். செருப்பில்லாமல் நுனிக்காலில் நடக்கிறோம். பூனை நடந்தால்கூடக் கேட்கும் இப்போது.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

ஷெரில் சரியாகச் சாப்பிடவில்லை. டெரன்ஸ் கூப்பிட்டபோது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மட்டுமே சொன்னாள். குருத்தோலையை அவள் தலைமாட்டில் செருகிவிட்டு வந்தேன். ஓலைத் தூசி கண்ணில் விழுந்து நெடுநேரம் எரிந்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுத்துக் கோணலாக விழுந்தால் விழட்டும்.

காலையில் பிரஷர் மெஷின் வைத்துப் பார்த்தோம். மேலே நூற்றைம்பது, கீழே நூறு. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் மறுபடி பார்க்கச் சொன்னார், இறங்காவிட்டால் உடனே அட்மிஷன்.

மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாங்கவில்லை.

"எப்பா, மறைக்காமச் சொல்லுங்க. டாக்டர் உங்ககிட்டத் தனியா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? ரெஸ்ட்ல இருக்கணும்னாங்க."

"புள்ள நிக்காதுன்னு சொல்லிட்டாங்கல்லா?"

"ஏய், என்ன பேச்சு பேசுத?"

"பின்ன ஏன் வீடு எழவு வீடு மாதிரிக் கெடக்கு?" குரல் உடைந்துவிட்டது. "நான் வந்ததுலேருந்து நீங்க ஒரு தட்டு போடல. பெரியப்பா செத்தப்பந்தான் இந்த வீட்டுல பாட்டு இல்லாம இருந்துச்சு. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்ங்கீங்க. சுடலைமணி அண்ணன் நல்லாத்தானே இருக்குன்னு சொன்னது இங்கன வரைக்கும் கேட்டுச்சு. அம்மா உங்கள ஏசவே மாட்டேங்கா. மணிய நிறுத்திட்டீங்க, பூனை மாதிரி நடக்கீங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கீங்க. நான் கண்ண மூடிக்கிட்டு, இவங்க ரெண்டு பேரும் இப்பமே துக்கம் காக்காங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்ப்பா."

கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தரையில் வைத்திருப்பேன். அவ்வளவு நாளும் பக்கத்து அறையில் என் பிள்ளை தன் பிள்ளையின் சாவைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். அதைச் செய்தது நான். நேர்ச்சை என்று பேர் வைத்துக்கொண்டு நான்தான் செய்திருக்கிறேன்.

"நேந்திருக்கேன் மக்கா" என்றேன். "உனக்குப் புள்ள நல்லபடியா பொறக்குத வரைக்கும் பாட்டு கேக்கமாட்டேன்னு மாதாட்ட நேந்திருக்கேன். வேற ஒண்ணுமே இல்ல. டாக்டர் ஒண்ணுமே சொல்லல. சத்தியமா."

வாசலில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். "நீங்களுமா?" என்றாள்.

"நானுமான்னா?"

"நான் உங்கள ஏசமாட்டேன்னு நேந்திருக்கேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நான் என்னத்த விட முடியும்? எனக்குன்னு வேற என்ன சொகம் இருக்கு?"

ஷெரில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இருக்கு" என்று சிரித்தாள். அப்படியே அழுதாள். "ரெண்டு பேருக்கும் கோட்டி. எப்பா, ஒரு தட்டு போடுங்க."

நான் அசையவில்லை. "இன்னிக்குப் பெரிய வெள்ளி மக்கா. கோயில் மணிகூட அடிக்கமாட்டாங்க. நேர்ச்சை வேற. முறிச்சா புள்ளைக்கு ஏதாச்சும்..."

"நேர்ச்சைய நானாப்பா கேட்டேன்? பாட்டத்தான் கேக்கேன்."

ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவளும் என்னை மாதிரிதான் பயந்துபோய் நின்றாள். மகள் கையைப் பார்த்தேன். போர்வை நுனியைப் பிடித்திருந்த பிடியில் விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. மாதா தூரத்தில் இருக்கிறாள், இவள் இங்கே இருக்கிறாள். அவளோடு பிறகு போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

"எது போட? க்ரே ஹெரான் போடட்டா, மெதுவா இருக்கும்?"

"கழுதை" என்றாள்.

போட்டேன். பெரிய வெள்ளி மத்தியானம், தெருவே வாய் பொத்திக் கிடக்கிற நேரம், டின் பிஷப்பின் முதல் அடி விழுந்ததும் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பயம் எது, சந்தோஷம் எது என்று எனக்கே தெரியவில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் ஜெசிந்தா ஆரம்பித்தாள்.

"அறிவு வேணும் மனுசனுக்கு! நேந்தா பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? புள்ள உள்ள கெடந்து சாகுதாளே, இதுகூடத் தெரியல! பால் பொங்குனது தெரியல, துண்டு நனஞ்சது தெரியல, கட்டில நனச்சே வச்சிருக்கீங்க, அடுப்ப நான் துடைக்கணும்..."

முதல் பக்கம் முடியும்வரை ஏசினாள். தட்டைத் திருப்பிப் போட்டேன், அதற்கும் ஏசினாள். மூன்றாவது பாட்டை இன்று தாண்டவில்லை. தாண்டித்தான் ஆக வேண்டிய பாட்டுதான் அது, மகா மட்டம். கடைசி வரை கேட்டேன்.

ட்ரம்காரன் தனியாக வீட்டை இடிக்கிற இடத்தில் திரும்பிப் பார்த்தால், ஷெரில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

சாயங்காலம் நூற்று முப்பது, எண்பத்தாறு. ஜெசிந்தா மெஷினை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். மாதா முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

தினமும் ஒரு தட்டு. அவள் தேர்வு, என் வேலை ஊசி வைப்பது. இன்று "தி டிரவுண்ட் மில்". இத்தனை காலம் அந்த மில் முதலாளியை நான் பேராசைக்காரன் என்று திட்டித்தான் கேட்டேன். ஷெரில் பாதியில் சொன்னாள், "பாவம்ப்பா அவன். ஊருக்கெல்லாம் மாவு குடுக்கணும்னுதானே அணை கட்டுனான்." மறுபடி போட்டுக் கேட்டேன். ஆமாம், அந்த ஆர்கன் அவனுக்காக அழுகிறது. ஏழு அட்சரம் எண்ணுகிற அவசரத்தில் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

அழுத்தம் ஏறவில்லை. குழந்தை நன்றாக உதைக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அறையில் உட்கார்ந்து கேட்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. ஊசியைத் தூக்கியதும்தான், வாக்கு மீறியவன் வீட்டுக்கு என்ன வரும் என்ற நினைப்பு வருகிறது.

மே 9, செவ்வாய்

ஷெரிலுக்கு வலி வந்துவிட்டது. எட்டாம் மாதம். ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா பேச்சு என்கிறார் டாக்டரம்மா. எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

தையலைப் பிரித்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜெசிந்தா செபமாலை உருட்டுகிறாள்.

என்னாலேதான் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. புதிதாக ஒன்று நேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். தட்டை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? ஒன்றைச் சொல்லி மீறியவன் இரண்டாவதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. வேறு என்ன இருக்கிறது கொடுக்க என்று தேடினேன். ஒன்றுமே அகப்படவில்லை.

கடைசியில் ஆண்டவரிடமே சொன்னேன். "எங்கையில ஒண்ணும் இல்ல. வாக்கும் இல்ல. சும்மா குடும்."

வேறு ஜெபம் வரவில்லை.

மே 10, புதன்

பெண். விடிந்த பிறகு பிறந்தாள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தானாகவே மூச்சு விடுகிறாள். கண்ணாடிப் பெட்டியில் சில நாள் வைத்துப் பார்ப்பார்களாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஷெரில் நன்றாக இருக்கிறாள். டெரன்சுக்குச் செய்தி போய்விட்டது, அந்தப் பக்கம் அவர் கத்தியது போனுக்கு வெளியே கேட்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தோம். என் உள்ளங்கை அளவு நெஞ்சு, அது ஏறி இறங்குகிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் ஜெசிந்தா கேட்டாள், "நேத்து கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்கள்லா, என்ன நேந்தீங்க?"

"ஒண்ணும் நேரல."

"சும்மா சொல்லுங்க. நான் ஒண்ணும் ஏசமாட்டேன்."

"நெசமாத்தான் ட்டி. குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல, சும்மா குடும்னு கேட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "சும்மாவா குடுத்துட்டாரு?"

"சும்மாதான் குடுத்திருக்காரு."

ஆள் போய் வந்துகொண்டிருக்கிற வராந்தாவில், அவள் தோளில் சாய்ந்து நான் வாய்விட்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.